ஓடியையும் சில்லறைக் கடன்களையும் ஒரே தனிநபர் கடனில் அடைப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தொண்டியில் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை எந்த ஊரில் கேட்டாலும், ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு கடன் என்பது அபூர்வம். சம்பளக் கணக்கில் ஓர் ஓடி (இருப்பு தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை எடுக்க வங்கி விடும் மிகைப்பற்று), கிரெடிட் கார்டில் கொஞ்சம், செல்போன் ஆப்பில் கொஞ்சம், தெரிந்தவரிடம் அஞ்சு வட்டிக்கு ஒரு கைக்கடன், மளிகைக் கடைப் பாக்கி, மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், இவற்றுக்கெல்லாம் மேலே நகைக் கடன். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. கூட்டிப் பார்த்தால் மாதம் மூவாயிரம் நாலாயிரம் வட்டிக்கே போகும். அசல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வங்கியில் ஒரு தனிநபர் கடன் வாங்கி இவற்றை மொத்தமாக அடைப்பது நல்ல வழிதான். ஆனால் இரண்டு விஷயங்கள் சரியாக அமைய வேண்டும். அடைத்த கணக்குகள் உண்மையிலேயே மூடப்பட வேண்டும். புதிய கடனின் தவணை, மே மாதத்திலும் கட்ட முடிகிற தவணையாக இருக்க வேண்டும். இந்தக் கரையில் அதிகம் தவறுவது இரண்டாவதுதான். ஓடியில் பணம் வரும்போது போடலாம், வராத மாதம் வட்டி மட்டும் ஏறும். ஈஎம்ஐ அப்படியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றாலும், குறித்த தேதியில் வங்கி பணத்தை எடுக்கும். அதனால் கீழே உள்ள கணக்குகள் எல்லாவற்றையும் மே மாதத்தை வைத்தே போட்டிருக்கிறோம்.

முதல் படி: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வீட்டில் கணவன், மனைவி, சம்பாதிக்கிற பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து எழுத வேண்டிய தாள் இது. ஒருவர் மறைத்த கடன்தான் பிறகு மொத்தத் திட்டத்தையும் குலைக்கும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே இவற்றை எழுதுங்கள்: யாரிடம் வாங்கியது, இன்றைக்கே முடிக்க எவ்வளவு வேண்டும், வட்டி என்ன, மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள், அவர்கள் கையில் உங்களுடைய எது இருக்கிறது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிய உறுதிச் சீட்டு), வெற்றுக் காசோலை, வெற்றுப் பத்திரத் தாள், ஏடிஎம் கார்டு, படகின் பதிவுச் சான்று என்று எது போயிருந்தாலும் எழுதுங்கள். யார் ஜாமீன் போட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

'இன்றைக்கு முடிக்கும் தொகை' என்பது மாத அறிக்கையில் இருக்கும் தொகை அல்ல. கிரெடிட் கார்டில் இன்னும் பில்லில் ஏறாத செலவும், அறிக்கைத் தேதிக்குப் பிந்தைய வட்டியும் இருக்கும். ஓடியில் வட்டி தினமும் கணக்காகி மாதக் கடைசியில்தான் ஏறும். 20ஆம் தேதி பார்க்கும் இருப்பில் அந்த 20 நாள் வட்டி தெரியாது. ஆப் கடனில் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் தனியாக இருக்கலாம். ஒவ்வோரிடத்திலும் 'இந்தத் தேதியில் கணக்கை முடிக்க எவ்வளவு' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மீன், நண்டு வியாபாரியிடமோ கம்பெனியிடமோ வாங்கிய முன்பணத்தை வட்டியில்லாக் கடன் என்று பலர் நினைக்கிறார்கள். வட்டி விலையில் இருக்கிறது. பிடித்ததை அவருக்கே போட வேண்டும். அவர் தரும் விலை வெளி விலையைவிடக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு மாதம் குறித்து வையுங்கள். 40,000 ரூபாய் முன்பணத்துக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்துத் தருகிறார், மாதம் 150 கிலோ போடுகிறீர்கள் என்றால் மாதம் 1,500 ரூபாய் போகிறது. அது வருடத்துக்கு 45% வட்டி. வித்தியாசம் உண்மையிலேயே இல்லையென்றால் அந்த முன்பணத்தைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: எல்லா வட்டியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

நம்மூர் வட்டி மாதக் கணக்கு, வங்கி வட்டி வருடக் கணக்கு. 'ரெண்டு வட்டி' என்றால் வருடம் 24%, 'மூணு வட்டி' 36%, 'அஞ்சு வட்டி' 60%. 'வங்கியில் 14 வட்டி கேட்கிறான், இவர் அஞ்சுதான் கேட்கிறார்' என்று பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாளில் எல்லாவற்றையும் வருடக் கணக்கில் எழுதுங்கள்.

கிரெடிட் கார்டு பெரும்பாலும் மாதம் 3 முதல் 3.75%. அதாவது வருடத்துக்கு 36 முதல் 45%, வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி வேறு. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மீதிக்கு இந்த வட்டி முழுமையாக ஏறும்.

நாள் தண்டலில் கணக்கு மறைந்திருக்கும். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். 1,500 ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போவதால், உங்கள் கையில் சராசரியாக இருக்கும் பணம் எழுதிய 10,000இல் பாதிக்கும் குறைவு. சரியாகக் கணக்கிட்டால் மாதம் 10 வட்டி, வருடத்துக்கு 120%. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், நடுவில் மொத்தமாகக் கட்டினால் உங்களுக்கு எதுவும் மிச்சமாகாது. மீதி 60 நாள் இருக்கும்போது 6,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தால் தண்டல்காரருக்குத்தான் லாபம். 'இன்று முடித்தால் எவ்வளவு குறைப்பீர்கள்' என்று கேளுங்கள். குறைக்காவிட்டால் நாள் கணக்கிலேயே கட்டி முடித்து, புதிதாக எடுக்காமல் விடுவதே சரி.

மூன்றாம் படி: எதை அடைப்பது, எதைத் தொடக் கூடாது

தனிநபர் கடன் எந்த வட்டிக்குக் கிடைக்கிறதோ அதைவிடக் குறைந்த வட்டியில் இருக்கும் கடனை அதில் சேர்க்கக் கூடாது. எளிய விதிதான். ஆனால் 'எல்லாவற்றையும் முடித்துவிடலாம்' என்ற ஆர்வத்தில் இது மீறப்படுகிறது. 2018-19 முதல் மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2 லட்சம் வரை 7% வட்டி, நேரத்தில் கட்டினால் 3% ஊக்கச் சலுகை போக 4% மட்டுமே. அதை 14% கடன் வாங்கி அடைப்பது நஷ்டம். வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ இருக்கும் 9, 10% நகைக் கடனையும் அப்படியே விடுங்கள். ஏலத்துக்குப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக் கடனில் உங்கள் கையெழுத்தோடு மற்றப் பெண்களின் பெயரும் இருக்கிறது. அதை ஒழுங்காகக் கட்டிவந்தால் அடுத்த சுற்றில் குறைந்த வட்டிக்கு இன்னும் கூடுதல் தொகை கிடைக்கும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் 22% அல்லது அதற்கு மேல் இருந்தால் அடைப்பதில் பொருளுண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி அதை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது.

ஓர் உதாரணம் போடுவோம். மண்டபத்தில் ஒரு குடும்பம்; மனைவி ராமநாதபுரத்தில் தனியார் மருத்துவமனையில் செவிலியர், சம்பளம் 26,000; கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். கடன்கள் இவை என்று கொள்வோம்:

ஓடி 75,000, வட்டி 15%: மாதம் 937 ரூபாய்.
கிரெடிட் கார்டு 32,000, வட்டி 42%: மாதம் 1,120.
கைக்கடன் 20,000, அஞ்சு வட்டி: மாதம் 1,000.
ஆப் கடன் 15,000, வட்டி 36%: மாதம் 450.
நாள் தண்டல் மீதி 6,000. மளிகைக் கடை 8,500, வட்டி இல்லை. நகைக் கடன் 1,10,000, வட்டி 9%: மாதம் 825.

முதல் நான்கும் சேர்ந்து 1,42,000 ரூபாய்; மாத வட்டி 3,507. வருடக் கணக்கில் சராசரி ஏறக்குறைய 30%. இந்த நான்கையும் 14% கடனில் மாற்றினால் முதல் மாத வட்டி பாதியாகும். தண்டல், மளிகை, நகை மூன்றும் வெளியே இருக்கட்டும்.

இதே வீட்டில் ஓடி மட்டும்தான் இருக்கிறது என்றால் பதில் வேறு. 15% ஓடியை 14% கடனில் மாற்றினால், பரிசீலனைக் கட்டணம் போக வட்டியில் எதுவும் மிஞ்சாது. அப்போது ஒரே கேள்விதான்: கடந்த 12 மாதங்களில் அந்த ஓடி ஒருமுறையாவது பாதிக்குக் கீழே இறங்கியதா? பாஸ்புக்கைப் பாருங்கள். சீசனில் இறங்கி, தடைக்காலத்தில் ஏறுகிறது என்றால் அது சரியாகவே வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் வரம்பை ஒட்டியே நிற்கிறது என்றால் அசல் ஒருநாளும் குறையப்போவதில்லை. தவணைக் கடனாக மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம்.

நான்காம் படி: மே மாதக் கணக்கு

நல்ல மாதத்தின் வருமானத்தைக் காட்டித்தான் வங்கி உங்களுக்கு ஈஎம்ஐ தகுதி போடும். நீங்கள் அதை ஏற்க வேண்டியதில்லை. மே மாதத்தில் கையில் நிச்சயமாக வரும் பணத்தை மட்டும் எழுதுங்கள். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரும்தான். வரும் தேதி உங்கள் கையில் இல்லாததால் ஈஎம்ஐக்கு அதை நம்ப வேண்டாம். மே மாதச் சம்பளம் தராத தனியார் பள்ளிகளும் உண்டு. அங்கே வேலை என்றால் சம்பளத்தையும் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

அந்த மண்டபம் குடும்பத்தின் மே மாதம்: வரவு 26,000. வீட்டுச் செலவு 15,500, தண்டல் 3,000, நகை வட்டி 825. மிஞ்சுவது 6,675. இதற்குள் அடங்குகிற ஈஎம்ஐதான் அவர்களுக்கு உரியது.

நான்கு கடனுக்கு வேண்டியது 1,42,000. கட்டணம் 2%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி என்றால் 1,50,000 ரூபாய் கடனில் 3,540 பிடித்துக்கொண்டு 1,46,460 கையில் வரும். மிச்சம் 4,460 ரூபாய், ஓடியின் கடைசி வட்டிக்கும் கார்டின் மீதி வட்டிக்கும் போதும். இதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காதீர்கள். 'உங்களுக்கு 3 லட்சம் வரை தகுதி இருக்கு' என்பார்கள். அந்தத் தகுதியால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

14% வட்டியில் 1,50,000 ரூபாய்க்கு 24 மாதம் என்றால் ஈஎம்ஐ 7,202, மொத்த வட்டி 22,850 அளவில். 36 மாதம் என்றால் 5,127, மொத்த வட்டி 34,560 அளவில். 60 மாதம் என்றால் 3,490, மொத்த வட்டி 59,400 அளவில். இந்தக் குடும்பத்துக்கு 24 மாதத் தவணை மே மாதத்தில் இடிக்கும். 60 மாதம் வீண் செலவு. 36 மாதம் எடுத்து, நல்ல சீசனில் கூடுதலாகக் கட்டுவதே பொருந்தும்.

வீட்டில் மாதச் சம்பளமே இல்லை, கடல் வருமானம் மட்டும்தான் என்றால் இன்னும் கடுமையாகக் கணக்கிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகின்றன. காற்று எச்சரிக்கை என்றால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது. வேலைநிறுத்தம் என்றால் அந்த வாரமே போய்விடும். நாட்டுப்படகுக்கு 61 நாள் தடை இல்லையென்றாலும் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பல நாள் இறங்க முடியாது. ஈஎம்ஐ தேதி 5 என்றால், தடைக்குள் மே 5, ஜூன் 5 என்று இரண்டு தவணை வரும். வடகிழக்குப் பருவக் காற்றுக்கு ஒன்று சேர்த்தால் மூன்று தவணைப் பணம் தனியாக இருப்பில் வேண்டும். 5,127 ரூபாய் தவணைக்கு அது 15,381. ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், மாதம் 1,710 ரூபாய் ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போட்டால் சேர்ந்துவிடும். இதையும் ஈஎம்ஐயோடு கூட்டி 6,837 என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால் கடன் தொகையைக் குறைத்து, அஞ்சு வட்டியையும் கார்டையும் மட்டும் முதலில் முடியுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பிக்கும் முன் கடன் அறிக்கை

நாம் வாங்கிய கடன், கட்டிய விதம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750க்கு மேல் என்றால் நல்ல வட்டிக்குப் பேசலாம். எண்ணைவிட உள்ளே இருக்கும் வரிகளைப் படியுங்கள். முடித்த கடன் இன்னும் நடப்பதாகக் காட்டுகிறதா, தெரியாத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா, யாருக்கோ போட்ட ஜாமீன் கெட்டுக் கிடக்கிறதா? தவறு இருந்தால் அந்த நிறுவனத்திலேயே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது விதி.

ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும். பணத்துக்கு அலைகிறார் என்று அடுத்த வங்கி நினைக்கும்.

ஆறாம் படி: எங்கே கேட்பது

சம்பளமும் ஓடியும் இருக்கிற வங்கியில்தான் முதலில் கேட்க வேண்டும். உங்கள் வரவு செலவு அவர்களுக்குத் தெரியும். ஓடியை முடித்துத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொன்னால் பல கிளைகளில் மறுக்க மாட்டார்கள். அடுத்து மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, தமிழ்நாடு கிராம வங்கி. ஃபைனான்ஸ் கம்பெனிகளில் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் வட்டி கூடும். 24 சதவீதத்துக்கு மேல் கேட்டால் உங்கள் பட்டியலின் சராசரியோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி அறிக்கை, படிவம் 16 அல்லது வருமான வரிக் கணக்கு, அடைக்கப்போகும் கடன்களின் பட்டியல். கடைசியாகச் சொன்ன பட்டியலை மேலாளரிடம் நேராகக் காட்டுங்கள். 'கடனை அடைக்கத்தான் கடன்' என்று சொல்லக் கூசுபவர்கள் உண்டு. மொத்த மாதத் தவணை குறையும் என்று கணக்கோடு காட்டுபவரை வங்கி நம்பும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு ஈடில்லாத தனிநபர் கடன் கிடைப்பது கடினம்; கிடைத்தாலும் வட்டி அதிகம். அவர்களுக்கு வழி வேறு: வீட்டில் சும்மா இருக்கும் நகையை வங்கியில் வைத்து அஞ்சு வட்டியை அடைப்பது, கிசான் கிரெடிட் கார்டுக்குப் படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் கொடுத்து விண்ணப்பிப்பது, மகளிர் குழு வங்கி இணைப்புக் கடன். மீன் விற்ற பணத்தை ரொக்கமாக வாங்காமல் ஆறு மாதம் வங்கிக் கணக்கிலேயே வாங்கினால், அடுத்த முறை அந்த அறிக்கையே உங்கள் வருமானச் சான்று. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ஊரில் பைத்துல்மால் (முஸ்லிம் ஜமாஅத்தின் பொது உதவி நிதி) நடந்தால் வட்டியில்லாக் கடனை முதலில் அங்கே கேளுங்கள். சிறிய தொகைதான், ஆனால் கந்து வட்டியை முடிக்க அது போதும்.

யாராவது 'கடன் வாங்கித் தர்றேன், முன்னால 2,000 ஜிபே பண்ணுங்க' என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். வங்கி தன் கட்டணத்தைக் கடனிலிருந்து பிடித்துக்கொள்ளும். தனிநபருக்கு அனுப்பச் சொல்லாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐ அழையுங்கள்.

ஏழாம் படி: கையெழுத்துக்கு முன் விவர அறிக்கை

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், நமக்குப் புரியும் மொழியில். தமிழில் கேளுங்கள். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வேலை நாள் அந்த நிபந்தனைகள் மாறாமல் நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். 'இன்னிக்கே போட்டாத்தான் இந்த வட்டி' என்ற அவசரத்துக்கு இணங்க வேண்டியதில்லை.

அதில் ஏபிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மையான வருடச் செலவு அது. 'ஃபிளாட் 10%' என்று வாயால் சொல்வார்கள்: 1,50,000க்கு மூன்று வருடம் 45,000 வட்டி, ஈஎம்ஐ 5,417. குறையும் அசலில் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18%. 14% என்று சொன்ன வங்கியைவிட இது அதிகம்.

கடன் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். முன்கூட்டிக் கட்டும் கட்டணத்தையும் பாருங்கள். நிலையான வட்டிக் கடனில் 2 முதல் 5% வரை இருக்கும். சில இடங்களில் 12 தவணை கட்டிய பிறகே கூடுதலாகக் கட்ட விடுவார்கள். சீசனில் கூடுதலாகக் கட்டுவதுதான் உங்கள் திட்டம் என்றால், வட்டியில் அரை சதவீதம் குறைவதைவிட இந்த வரி முக்கியம்.

எட்டாம் படி: பணம் வந்த நாள்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடன் பணம் ஓடி இருக்கும் கணக்கிலேயே வந்து விழுந்தால், விழுந்த நொடியில் ஓடி அதை விழுங்கும். 1,46,460 ரூபாயில் 75,000 அங்கே போய், கணக்கில் நிகரமாக 71,000 அளவில்தான் தெரியும். கணக்கு சரிதான். ஆனால் ஓடி வரம்பு திறந்தே இருப்பதால் 'எடுக்கக்கூடிய தொகை' என்று பழையபடி பெரிய எண் காட்டும். அதை நம்பி எடுத்தால் ஓடி மறுபடி ஏறும். முடிந்தால் பணத்தை வேறொரு சேமிப்புக் கணக்கில் வாங்குங்கள்.

அடைக்கும் வரிசை: முதலில் கைக்கடன், பிறகு ஆப், பிறகு கார்டு, கடைசியில் ஓடி. கூடிய வட்டியும் தொல்லையும் முதலில் போக வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். கையில் நிற்கும் பணத்துக்கு வீட்டில் உடனே ஒரு செலவு வந்துவிடும்.

கைக்கடனுக்குப் பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் இரண்டு சாட்சியோடு ரசீது. பணம் கொடுக்கிற அதே நேரத்தில் புரோநோட்டு, காசோலை, பத்திரத் தாள் எல்லாம் கைக்கு வர வேண்டும். 'வீட்ல எங்கயோ இருக்கு, நாளைக்குத் தர்றேன்' என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுங்கள். அடைத்த புரோநோட்டை வைத்து வழக்குப் போட்டால், அடைத்ததை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். காசோலை திரும்பி வராவிட்டால் அதன் எண்ணைக் கொடுத்து, பணம் தர வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆப் கடனை முடிக்கும்போது, கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் சொந்தக் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள்; வசூல் ஆள் அனுப்பும் தனிப்பட்ட க்யூஆர் குறியீட்டில் கட்டாதீர்கள். கடனில்லாச் சான்று வாங்கி, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். கார்டில் முழுத் தொகையும் கட்டிய பிறகு, அடுத்த மாதம் ஒரு சிறிய வட்டி வரும், முந்தைய நாட்களுக்கானது. அதையும் கட்டிவிட்டுத்தான் முடிந்ததாக எண்ண வேண்டும். 'பாதி கட்டுங்க, செட்டில்மெண்ட் பண்ணிடலாம்' என்ற அழைப்பை, முழுதாகக் கட்டப் பணம் இருக்கும்போது ஏற்காதீர்கள். அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த கடன் கிடைப்பது கடினம். 'குளோஸ்டு' என்றே வர வேண்டும்.

ஒன்பதாம் படி: ஓடியை மூடுவது

இருப்பைப் பூஜ்யமாக்கினால் ஓடி மூடியதாகாது. வரம்பு உயிரோடு இருக்கும் வரை அது திரும்ப ஏறும். தனிநபர் கடன் எடுத்து ஓடியை அடைத்த வீடுகளில் ஒரு வருடத்தில் ஓடியும் நிரம்பி, ஈஎம்ஐயும் ஓடுவதற்கு இதுவே காரணம். கிளைக்கு நேரில் போய் இப்படி எழுதிக் கொடுங்கள்:

'என் கணக்கு எண் … இல் உள்ள மிகைப்பற்று வரம்பு ரூ. … ஐ இன்றுவரை வட்டியுடன் முழுமையாகச் செலுத்திவிட்டேன். இந்த வரம்பை இன்றே ரத்து செய்து, இதற்கு ஈடாக வைத்த வைப்புத் தொகை மற்றும் ஆவணங்களை விடுவித்து, கடனில்லாச் சான்று வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள்; ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். அதற்கு முன், அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் எல்ஐசி, மின் கட்டணம், ஆர்டி எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். சம்பளக் கணக்கோடு ஒட்டிய ஓடி என்றால் கணக்கை மூட வேண்டாம், வரம்பை மட்டும் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். தடைக்காலத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்று நினைப்பவர்கள் 75,000 வரம்பை 15,000 ஆகக் குறைத்து வைக்கலாம். அதற்கு மேல் வைப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 45 நாள் கழித்து கடன் அறிக்கை எடுத்து, முடித்த ஒவ்வொன்றும் அப்படியே காட்டுகிறதா என்று பாருங்கள்.

பிறகு வரும் மாதங்கள்

ஆறு மாதத்தில் 'டாப் அப் கடன்' (இருக்கும் கடனின் மேல் கூடுதல் கடன்) என்று அழைப்பு வரும். எடுத்தால் கடன் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தடை முடிந்து நல்ல மீன்பாடு இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் கூடுதல் பணம் இருந்தால் முதலில் மூன்று தவணை இருப்பை நிரப்புங்கள். அதற்கு மேல் இருப்பதை அசலில் கட்டுங்கள். கட்டும்போது 'ஈஎம்ஐ அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில இடங்களில் ஈஎம்ஐயைக் குறைத்துவிட்டு மாதங்களை அப்படியே விடுவார்கள். வட்டி மிச்சம் குறைந்துபோகும்.

தவணை தவறும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே கிளைக்குப் போங்கள். கணக்கில் பணமில்லாமல் ஈஎம்ஐ திரும்பினால் கடன் கொடுத்தவர், கணக்கு வைத்திருக்கும் வங்கி என இரண்டு பக்கமும் கட்டணம் விழும். 90 நாள் பாக்கி நின்றால் வாராக் கடன். அதற்கு முன்னால் பேசினால் தவணையை மாற்றியமைக்கக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.

வசூலுக்கு வருபவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு 9 முதல் 6 வரைதான். மீறினால் முதலில் வங்கிக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, தொலைபேசி 14448. தனியார் வட்டிக்காரர் மிரட்டினால், மீட்டர் வட்டி, கந்து வட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அசலை வாங்க மறுத்து வட்டியே கேட்டுக்கொண்டிருந்தால், தொகையை நீதிமன்றத்தில் செலுத்திக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் அந்தச் சட்டம் வழி தருகிறது. காவல் நிலையத்தில் மனுவைப் பதிவு செய்யாவிட்டால், ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய ரசீதுகளின் நகலையும் முதல் படியில் எழுதிய அந்தத் தாளின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.